காருக்குள் சாப்பிட்ட மாமா

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா இருந்தார். அப்பா வேலைக்குப் போகாமல் நின்றார். பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்திலிருந்து சித்தி வந்து இரண்டு நாளாக எங்களோடு நின்றார். நான் இருந்தேன், வயது பன்னிரண்டு. டெலிபோனுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், மாமி இருந்தார். மாமியின் மகன் இருந்தான், வயது ஒன்பது. மாமா மேசையில் இருந்தார், படமாக.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. சித்திக்கு அண்ணை. செத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. நெஞ்சுவலி. நாற்பத்தொரு வயது.

எங்களால் போக முடியவில்லை. அம்மாவிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். அதை வைத்து அமெரிக்க விசா எடுக்க மாதக் கணக்காகும் என்றார்கள். எரிக்கிறதைச் சித்தியின் கொம்பியூட்டரில் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. அம்மா அழத் தொடங்கினால் படம் நின்றுவிடும். திரும்ப வரும்போது வேறு ஆட்கள் நிற்பார்கள். யாருக்கு அழுகிறது என்று தெரியாமல் அம்மா வாயை மூடிக்கொண்டார்.

எங்கட பக்கத்தில் ஒருவர் செத்தால் எட்டாம் நாள் படைப்பார்கள். எட்டுச் செலவு என்று சொல்வது. செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதைச் சமைத்து, வாழையிலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவார். மீன் தின்றவருக்கு மீன் வைப்பார்கள். குடித்தவருக்குப் போத்தலும் வைப்பார்கள். அதில் வெட்கம் இல்லை. ஆசைப்பட்டதை வைக்காவிட்டால்தான் பிழை. அவர் பசியோடு திரும்புவார்.

“அங்கை தங்கச்சி படைப்பாதானே,” என்றார் அப்பா. மாமியை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார்.

“என்னத்தை வைப்பாளோ,” என்றார் அம்மா. “பெட்டியிலை வாறதைத் தட்டி வைப்பாள்.”

அம்மா அமெரிக்காவைக் கண்டதில்லை. ஆனால் அந்த நாட்டுச் சாப்பாட்டில் அம்மாவுக்குத் துண்டாய் நம்பிக்கை இல்லை. காரணம் இருந்தது. மாமா ஒரு முறை பார்சல் அனுப்பியிருந்தார். அதில் ஒரு கேக் மாப் பெட்டி. முட்டையும் தண்ணியும் விட்டு அடித்து ஓவனில் வைத்தால் கேக் வந்துவிடும் என்று மாமா போனில் சொன்னார். அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சீனியும் வேண்டாம், பட்டரும் வேண்டாம். அப்ப உள்ளுக்கை என்னத்தைப் போட்டு வைச்சிருக்கிறாங்கள்?” செய்யவில்லை. அலுமாரிக்கு மேலே வைத்தார். இரண்டு வருசம் கழித்து எடுத்துப் பார்த்தோம். மூலை கிழிந்து மா கொட்டியிருந்தது. எங்கட வீட்டில் சீனிப் போத்தல் மூடியில் எப்போதும் எறும்பு நிற்கும். அந்த மாவை ஓர் எறும்பும் தொடவில்லை. அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பாவும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அப்பாவுக்கு வேறு காரணம் இருந்தது. அவர் கார் து லெஸ்ற் ஸ்டேசன் பக்கத்தில் ஒரு ரெஸ்ரோறன்டில் ஆட்கள் சாப்பிட்ட கோப்பை கழுவினார். அமெரிக்கர்கள் வந்தால் அவர்களைக் காணாமலே கோப்பையை வைத்துச் சொல்லிவிடுவாராம். தண்ணிக் கிளாசில் பாதிக்கு ஐஸ் இருக்கும். இறைச்சிக்குப் பக்கத்தில் தக்காளிச் சோஸ் இருக்கும். மிச்சத்தைப் பெட்டியில் கட்டித் தரச் சொல்லுவார்களாம். கடித்ததைக் கட்டிக்கொண்டு போகிறதா என்று அம்மா கேட்டார். ஓம் என்றார் அப்பா. எச்சிலையா என்று அம்மா திரும்பக் கேட்டார். அதற்கும் ஓம் என்றார்.

சித்தியின் பக்கத்து வீட்டுக்காரி நியூ ஜேர்சிக்குக் கலியாணத்துக்குப் போய் வந்தவள். அவள் சொன்னதும் இருந்தது. பால் மண்ணெண்ணெய்க் கான் மாதிரிப் பெரிய கானில் வருமாம். பாண் ஒரு மாதம் கிடந்தாலும் பூஞ்சணம் பிடிக்காதாம். பழுதாகாத பாணை எப்படி நம்புகிறது என்று சித்தி கேட்டார்.

இதெல்லாம் பகிடி மாதிரித்தான் வீட்டில் நடந்துகொண்டிருந்தது, மாமாவுக்கு முதல் தரம் நெஞ்சுவலி வரும் வரைக்கும். அது 2009இல். எனக்கு ஒன்பது வயது. மாமாவை ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறது என்று போன் வந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு எங்கட சனம் கடை போட்டிருக்கிற லாச்சப்பலில் உள்ள கோயிலுக்குப் போனார். அங்கே நேர்த்தி வைத்தார். தம்பி பிழைத்தால் அவன் சாகும்வரை மச்சம் தொடமாட்டான். நானும் தொடமாட்டேன். இதைச் சத்தமாகவே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

மாமா பிழைத்தார். அம்மா போன் எடுத்து விசயத்தைச் சொன்னார்.

“இண்டையிலை இருந்து சைவம். விளங்குதோ?”

“ஓமக்கா.”

“மீனும் இல்லை.”

“ஓம்.”

“சத்தியம் பண்ணு.”

“சத்தியம் அக்கா.” போன் சத்தமாக இருந்தது. எனக்கும் கேட்டது.

அம்மாவுக்கு மீன் என்றால் உயிர். லாச்சப்பலில் மீன் கடைக்குப் போனால் விலை கேட்கிறதுக்கு முன்னமே செவுளைத் தூக்கிப் பார்ப்பார். அந்த நாளோடு எல்லாம் நின்றது. எங்களுக்கு மட்டும் சமைத்தார், ருசி பார்க்காமல். அப்பா உப்புப் பார்த்துச் சொல்லுவார். அப்பாவின் நாக்குக்கு எல்லாமே சரி. அந்த மூன்று வருசமும் நாங்கள் ஒரு நாள் உப்புக் கரிக்கிற குழம்பும் மறுநாள் சப்பென்ற குழம்பும் சாப்பிட்டோம்.

சரி, அந்த ஐந்தாம் நாள். அம்மா படையலுக்குச் சாமான் எழுத உட்கார்ந்தார். பேனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். மாமா ஊரை விட்டுப் போய்ப் பதினாலு வருசம். அதற்குப் பிறகு அம்மா அவரை நேரில் காணவில்லை. மாமாவுக்கு நண்டு பிடிக்கும், சுறாப் புட்டுப் பிடிக்கும் என்று தெரியும். அதெல்லாம் நேர்த்திக்கு முந்தின கதை. அதை வைக்கக்கூடாது. மற்றது என்ன பிடிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. தம்பிக்கு என்ன பிடிக்கும் என்று இன்னொருத்தியிடம் கேட்க வேண்டி வந்தது அம்மாவுக்குப் பெரிய குறை.

மாமிக்குப் போன் எடுத்தார். எங்களுக்குப் பின்னேரம், அங்கே காலை.

“அவருக்கு ஒண்டிலையும் ஆசையில்லை மச்சாள்,” என்றார் மாமி. “வைச்சதைச் சாப்பிடுவார். இது வேணும் எண்டு கேக்கமாட்டார்.”

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு சித்தியைப் பார்த்தார். “ஆசையில்லையாம்.”

“ஆருக்கு? அண்ணைக்கோ?” என்றார் சித்தி. “நண்டுக்கால் ஒண்டுக்கு என்ரை தலைமயிரைப் பிடிச்சு இழுத்த மனுசன்.”

அம்மா கையை எடுத்தார். “பிள்ளையிட்டைக் குடும்,” என்றார். மாமி ஏன் என்று கேட்டார். சும்மா கதைக்க என்றார் அம்மா. எங்களிடம் மெல்லமாகச் சொன்னார்: “பெடியன் பொய் சொல்லான்.”

பெடியனுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான்தான். கொலேஜ் என்று சொல்கிற நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருசம் படித்திருந்தேன். என் பெயரைச் சொல்லவும், எனக்குப் பூனை பிடிக்கும் என்று சொல்லவும் தெரியும். மிச்சம் படத்தில் பார்த்தது.

போனைக் காதில் வைத்தேன். அம்மா ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம். எங்கட வீடு நாலாம் மாடி. ஜன்னலுக்கு நேரே மெட்ரோ பாலத்தில் போகும். அது போய் முடியும் வரை நின்றுவிட்டுக் கேட்டேன். அப்பாவுக்கு என்ன சாப்பிட விருப்பம்?

அவன் கச்சான் பட்டர் என்றான், நிலக்கடலையை அரைத்துச் செய்வது. போத்தலைத் திறந்து, கரண்டியால் அள்ளி, பிரிஜ்ஜுக்கு முன்னால் நின்றபடியே தின்னுவாராம். நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முகத்தைச் சுளித்தார். ஆனாலும் எழுதிக்கொண்டார்.

வேறு என்ன என்றேன். எனக்கு ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவன் அறைக்குள் போயிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினான். சனிக்கிழமைகளில் அப்பா அவனை நீச்சலுக்குக் கூட்டிப்போவாராம். திரும்பி வரும்போது ஒரு சாப்பாட்டுக் கடை ஜன்னலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்துவாராம். இறங்குகிறதில்லை. ஜன்னலால் காசு போகும், ஜன்னலால் சாப்பாடு வரும். பேர்கர் இரண்டு. உருளைக்கிழங்குப் பொரியல். அவனுக்குச் சொக்கிலேட் பால். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மூலையில் நிறுத்தி இரண்டு பேரும் சாப்பிடுவார்களாம். பிறகு எல்லாக் கண்ணாடியும் இறக்கிவிட்டு, மணம் போகும் வரைக்கும் காரில் சும்மா ஓடுவார்களாம். பேப்பரைப் பெற்றோல் கடைக் குப்பையில் போடுவாராம். போன சனிக்கிழமையும் போனார்களாம்.

அம்மாவுக்குத் தெரியாது, சொல்லாதே என்றான். அம்மா என்று அவன் சொன்னது மாமியை. பிறகு மூக்கை உறிஞ்சினான்.

பேர்கர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கார் து நோர் ஸ்டேசனுக்கு முன்னால் இருந்த அமெரிக்கன் கடையைத் தாண்டும்போது அம்மா சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவார். உள்ளே இருப்பது மாடு. என்னோடு படித்த பிள்ளைகள் எல்லாம் அங்கே போவார்கள். நான் வாசல் வரைக்கும் போய் நின்றிருக்கிறேன்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

யோசிக்க நேரம் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாமா சத்தியம் பண்ணினார். அம்மா மூன்று வருசம் மீன் தொடவில்லை. மாமா மாடு சாப்பிட்டார். மாமா செத்துப்போனார். இந்த நாலையும் அம்மாவிடம் கொடுத்தால் அம்மா அதை எப்படி அடுக்குவார் என்று எனக்குத் தெரியும். கோயிலில் நான் பக்கத்தில் நின்றவள்.

“பாண்,” என்றேன். “வட்டப் பாண். உருளைக்கிழங்குப் பொரியல். சொக்கிலேட் பால்.”

நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டேன்.

“சோறு?”

“சொல்லேல்லை.”

“கறி ஒண்டும் இல்லையோ?”

“இல்லை.”

“எங்கை வைச்சுச் சாப்பிட்டவனாம்?”

அதில் பிழை இருக்கிறதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் உள்ளதைச் சொன்னேன். “காருக்குள்ளை.”

அம்மாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு இப்பவும் ஞாபகம். நான் போனை வைத்துவிட்டேன். பெடியனுக்குப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

“அங்கை எல்லாரும் காருக்குள்ளைதான் சாப்பிடுறவையாம்,” என்றார் சித்தி. “பக்கத்து வீட்டுக்காரி சொன்னவள். காருக்குள்ளை கோப்பி வைக்கவும் ஓட்டை இருக்காம்.”

“எல்லாரும் சாப்பிடட்டும். என்ரை தம்பி ஏன் சாப்பிட வேணும்? வீடு இல்லையோ? மேசை இல்லையோ? நாய்க்கும் ஒரு இடத்திலை வைச்சுத்தானே குடுக்கிறது.”

“வேலைக்குப் போற நேரமாய் இருக்கும்,” என்றார் அப்பா.

“நெஞ்சு வருத்தக்காரனுக்குப் பாணையும் பொரியலையும் குடுத்து வெளியாலை விட்டிருக்கிறாள். கேட்டால் ஆசையில்லையாம்.”

அதற்கு அப்பா தலையாட்டினார். அவர் ஏற்கெனவே அமெரிக்காவை நம்பாதவர்.

எட்டாம் நாள் காலை அப்பா லாச்சப்பலுக்குப் போய் இலை வாங்கி வந்தார். கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாம் வாங்கினார். கச்சான் பட்டர் தமிழ்க் கடையில் இல்லை. ஆபிரிக்கன் கடையில் கேட்டு ஒரு தகரம் வாங்கி வந்தார். அம்மா திறந்தார். மேலே விரல் உயரத்துக்கு எண்ணெய் நின்றது. கீழே மண்ணிறமாக இறுகிக் கிடந்தது. கரண்டி இறங்கவில்லை. “இதை நிண்டுகொண்டு தின்னவனாமோ?” என்றார் அம்மா. அது இறைச்சிக் குழம்புக்குக் கரைக்கிற சாமான் என்று பிறகுதான் தெரிந்தது. மாமாவின் கச்சான் பட்டர் வேறு. அன்றைக்கு அதுதான் இலைக்குப் போனது.

வட்டப் பாணுக்கு நான் அப்பாவோடு சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். நாலு பாண் உள்ள பைக்கற். எனக்குத் தெரியும் எது என்று. அம்மா பைக்கற்றைக் கையில் எடுத்ததும் முகம் மாறிவிட்டது. பாணுக்கு மேலே எள்ளு.

“எள்ளோ?”

நான் ஓம் என்றேன்.

“எள்ளுப் போட்ட பாணையோ என்ரை தம்பிக்கு உயிரோடை இருக்கேக்கை குடுத்தவள்?”

எள்ளு எங்கட பக்கத்தில் செத்தவர்களுக்குத் தண்ணியோடு விடுகிற சாமான். எள்ளுப்பாகு நாங்கள் தின்கிறோம்தானே என்றார் சித்தி. அது இனிப்பு, இது சோத்துக்குப் பதில் என்றார் அம்மா. அந்த எள்ளுக்குப் பிறகு அம்மாவோடு யாரும் கதைத்து வெல்ல முடியாது என்று எனக்கே தெரிந்தது. அவர் ஒவ்வொரு எள்ளையும் நகத்தால் கிள்ளி எடுக்கத் தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டார். “அவன் தின்ன மாதிரியே இருக்கட்டும்,” என்றார்.

பொரியலை அப்பா பொரித்தார். கபாப் கடையில் வாங்கினால் அந்த எண்ணெயில் என்னென்ன போட்டானோ என்று அம்மா விடவில்லை. அப்பா உருளைக்கிழங்கைச் சமனாக வெட்டினார். கோப்பை கழுவுகிறவர்தான். ஆனாலும் குசினியில் நிற்கிறவர், பார்த்திருப்பார்.

இலையைக் கிடத்தினார்கள். சோறு, பருப்பு, கறிகள், வடை, பாயாசம். இலையின் கடைசியில் வட்டப் பாண். அதற்குப் பக்கத்தில் பொரியல், கச்சான் பட்டர் ஒரு கரண்டி, கிளாசில் சொக்கிலேட் பால். மாமாவின் படத்துக்கு முன்னால் அது எல்லாம் ஓர் ஒழுங்கில்லாமல் கிடந்தது. விளக்குக் கொளுத்தினார்கள். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் நாலு பேரும் நடையில் நின்றோம். அது ஒடுக்கமான நடை. ஒருவர் மூச்சு மற்றவர் கழுத்தில் படும்.

நான் ஒன்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா உள்ளே வந்து பாணைத் திறந்து பார்ப்பார். நடுவில் ஒன்றும் இருக்காது. என்னைத் தேடுவார். எனக்கு வியர்த்தது.

கதவைத் திறந்தோம். எல்லாம் இருந்தபடியே இருந்தது. படைத்ததை வீட்டுக்காரர் சாப்பிட வேண்டும். எல்லாரும் சோறு சாப்பிட்டார்கள். பாணை யாரும் தொடவில்லை. அம்மா அதை என் கோப்பையில் வைத்தார். நான் சாப்பிட்டேன். காய்ந்து போயிருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அம்மா மாமிக்குப் போன் எடுத்தார். இந்த முறை ஸ்பீக்கரில் போட்டார். சித்தி கேட்க வேண்டும் என்று.

“நான் உம்மிட்டை ஒண்டு கேக்கிறன்,” என்றார் அம்மா. “என்ரை தம்பிக்குப் பாணும் பொரியலும் குடுத்துக் காருக்குள்ளை வைச்சுத் தின்னச் சொன்னனீரோ?”

மாமி விளங்காமல் என்ன என்றார். அம்மா திரும்பச் சொன்னார்.

“ஆர் சொன்னது?”

“உம்மடை பிள்ளைதான்.”

மாமி போனை வைக்காமலே மகனைக் கூப்பிட்டார். இங்கிலீஷில் கேட்டார். திரும்பக் கேட்டார். அவன் தெரியாது என்றான். அது எனக்குக் கேட்டது. தெரியாது, தெரியாது என்று மட்டும் சொன்னான்.

மாமி எங்களிடம் வந்தார். குரல் வேறு மாதிரி இருந்தது. “டொக்டர் உப்பு வேண்டாம் எண்டவர். எண்ணெய் வேண்டாம் எண்டவர். நீங்கள் மச்சம் வேண்டாம் எண்டனீங்கள். மூண்டு வருசம் அவிச்சுக் குடுத்தனான் மச்சாள். அவர் தனியச் சாப்பிடக் கூடாதெண்டு நானும் உப்பில்லாமல் சாப்பிட்டனான்.”

“உப்பில்லாத பாணோ?” என்றார் அம்மா.

மாமி போனை வைத்துவிட்டார்.

நான் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு சொல் போதும், எல்லாம் மாறியிருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் சொன்னால் மாமா பொய்யராவார், அம்மாவின் நேர்த்தி உடையும், பெடியன் என்னை நம்பியது வீணாகும். சொல்லாவிட்டால் மாமியோடு ஒரு சண்டை மட்டும்தான். பெரியவர்கள் சண்டை பிடிப்பார்கள், தீபாவளிக்குச் சமாதானமாவார்கள். எங்கட வீட்டில் அப்படித்தான் நடக்கும். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

தீபாவளி வந்தது. மாமி எடுக்கவில்லை. அம்மா எடுக்கவில்லை. மாமாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கட வீட்டில் மாமியைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. கதைத்தால், அந்தக் காருக்குள் வைத்துத் தின்னக் கொடுத்தவள் என்றுதான் வரும். லாச்சப்பலில் தெரிந்த சனத்துக்கும் அந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் பெண் எடுக்கிறதா என்று யாரும் யோசித்தால் அம்மாவிடம் வந்து கேட்பார்கள். அம்மா சொல்லுவார்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. பதினேழு வயதில் விட்டேன். இப்ப ஸ்தேன் என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை. கிழமைக்கு ஒரு நாள் பேர்கர் கொடுப்போம். அன்றைக்கு ஒரு பிள்ளையும் மிச்சம் வைக்காது.

எனக்கு இருபத்தொரு வயதாக இருக்கும்போது மாமாவின் மகன் பாரிசுக்கு வந்தான். கூட்டாளிகளோடு சுற்றிப் பார்க்க வந்தவன் எனக்கு ஒரு செய்தி போட்டான். அம்மா வரச்சொல்லு என்றார். தம்பியின் பிள்ளைதானே. சைவமாகவே சமைத்தார். அவன் கையால் சாப்பிட்டான், சோறு விரலுக்குள்ளால் விழுந்தது. அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவனை மெட்ரோப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அங்கே நின்று கேட்டான், நீ அப்போது சொல்லவில்லைத்தானே என்று. இல்லை என்றேன். தானும் சொல்லவில்லை என்றான். அவன் அம்மா இன்னும் கேட்பாராம், ஏன் அத்தையிடம் அப்படிப் பொய் சொன்னாய் என்று. அவன் பேச்சை மாற்றிவிடுவானாம். அம்மாவின் உப்பில்லாத கறியை வைத்துவிட்டு அப்பா பேர்கர் தின்றார் என்று தெரிந்தால் அம்மா உடைந்துபோவார் என்றான். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. பிறகு படி இறங்கிப் போய்விட்டான்.

நான் வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினியில் பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பேர்கர், சனிக்கிழமை, கண்ணாடி இறக்கினது, கடைசிச் சனிக்கிழமை, எல்லாம். நான் என்ன எடுத்துவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை. இரண்டு மூன்று காய் முறித்தார்.

“மாடோ?”

“ஓம்.”

“அவள் அறிவாளோ?”

“இல்லை.”

இன்னும் கொஞ்சம் முறித்தார். “அப்ப இனியும் அறிய வேண்டாம்,” என்றார்.

நேர்த்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஏசவும் இல்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பெடியனிட்டை நம்பர் வாங்கித் தா என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

மாமி எடுத்தார். அம்மா தன் பெயரைச் சொன்னார்.

“அண்டைக்கு நான் பிழையாய்க் கதைச்சுப்போட்டன்,” என்றார் அம்மா. “பெடியன் சொன்னது ஒண்டு, நான் விளங்கினது ஒண்டு. அவன் பொய் சொல்லேல்லை. அவனை ஏசாதையும். பிழை என்னிலைதான்.”

இல்லை, பிழை என்னிலைதான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி மறித்தார்.

ஏன் இப்ப சொல்லுறீங்கள் என்று மாமி கேட்டிருக்க வேண்டும். மாமி சந்தேகப்பட்டிருப்பார், சந்தேகப்படத்தான் வேண்டும். “இப்பதான் விளங்கினது,” என்றார் அம்மா. அதற்குப் பிறகு அம்மா ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் மாமி கதைத்துக்கொண்டே இருந்தார். அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டு வயதில் எனக்கு விளங்காதது அதுதான். மாமா சாப்பிட்டதை நான் மறைத்தேன். அம்மாவும் மறைத்தார். அம்மா மறைத்தபோது அதன் பழியைத் தானே எடுத்துக்கொண்டார். நான் மறைத்தபோது அதை யார் எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. அது மாமியிடம் போய் நின்றது. ஒரு பிழையும் செய்யாத மனுசி அதை வைத்துக்கொண்டிருந்தது ஒன்பது வருசம்.